முதுகுத் தண்டும் கிணற்று நீரும்

ஒருவருக்குத் தொப்புளுக்குக் கீழே ஊசியால் குத்தினால் உறைக்கவில்லை. கால்களும் மரத்து விறைத்திருக்கின்றன. அப்படியானால் கோளாறு காலில் இல்லை, நடுமுதுகுத் தண்டுவடத்தில் இருக்கிறது. தண்டுவடத்தின் 31 இணை நரம்புகளும் வயலை வரப்புகள் பிரிப்பதுபோல் உடம்பைப் பகுத்துக்கொள்கின்றன. உணர்வு எந்த வரப்பில் நிற்கிறது என்று தடவிப் பார்த்தே பழைய மருத்துவர்கள் நோயின் இடத்தைச் சொன்னார்கள். 1887-ல் லண்டனில் நரம்பியல் மருத்துவர் கவர்ஸ் இப்படித்தான் ஒரு நோயாளியின் தண்டுவடத்தில் கட்டி இருக்கும் இடத்தைக் குறித்தார். அறுவை மருத்துவர் ஹார்ஸ்லி முதலில் திறந்த இடத்தில் அது இல்லை. இன்னும் மேலே போனபோது அகப்பட்டது. நோயாளி மறுபடி நடந்தார். எக்ஸ்ரே வருவதற்கு 8 ஆண்டுகள் முந்தைய சாதனை இது!

நம் பக்கத்துக் கதை இன்னும் முக்கியமானது. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதிக் கிராமங்களில் முதுகு விறைத்து, சிலருக்குக் கால்களும் முடங்கின. ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்ட், மன்னாடி நாயர் ஆகியோர் ஆராய்ந்து 1937-ல் எழுதினார்கள்: எலும்பு தடித்து, தசைநார்கள் சுண்ணாம்பாக இறுகி, தண்டுவடம் நெரிபடுகிறது, காரணம், கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடு. நோயின் இடம் முதுகு, அதன் ஊற்று கிணறு.

கரிசல் ஊர்கள் நெடுங்காலம் ஊருணியில் தேங்கிய மழைநீரைக் குடித்தவை. ஆனால் பாறையைத் துளைத்து எடுக்கும் ஆழ்துளை நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கலாம். நிறமோ மணமோ அதைக் காட்டிக்கொடுக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. உங்கள் ஊர் ஆழ்துளை நீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.