ஆண்டுக்கு 12 சதவிகிதம் தரும் டிரஸ்ட்கள்... வருவது வருமானமா, உங்கள் முதலா?

எம்.ரெட்டியபட்டியில் கையில் காசு புரளும் மாதங்கள் குறைவு. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் பூமி முழுக்க அப்படித்தான். புரட்டாசி, ஐப்பசியில் வானத்தைப் பார்த்து விதைப்பார்கள். மாசி, பங்குனியில் மிளகாய் வற்றல் களத்துக்கு வந்தால்தான் பணத்தைப் பார்க்க முடியும். மழை ஏமாற்றிவிட்டால் அதுவும் இல்லை.

அதனால்தான், நிலம் விற்ற பணமோ, ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையோ, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய சேமிப்போ மொத்தமாகக் கைக்கு வரும்போது, இந்தப் பக்கத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி, "இதை எதுல போட்டா மாசாமாசம் ஏதாவது வரும்?" என்பதுதான்.

தபால் நிலைய மாத வருமானத் திட்டம் 2024-ல் 7.4 சதவிகிதம் தந்தது. அதே நேரத்தில் செல்போன் திரையில், '10 சதவிகிதம், 12 சதவிகிதம் தரும் டிரஸ்ட்கள்' என்று வீடியோக்கள் ஓடுகின்றன. இவை ஈமு கோழி போன்ற மோசடிகள் அல்ல. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2014-ம் ஆண்டு விதிகளின்படி நடப்பவை. ஆனால், இவை வங்கி டெபாசிட்டும் அல்ல. இந்த வித்தியாசம் புரியாமல் பணத்தைப் போடுபவர்கள்தான் பின்னால் வருத்தப்படுகிறார்கள்.

குத்தகைப் பணம் மாதிரிதான்!

பத்துப் பேர் சேர்ந்து ஒரு தோட்டத்தை வாங்கிக் குத்தகைக்கு விட்டு, வரும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த டிரஸ்ட்களும் அப்படித்தான். அலுவலகக் கட்டடம், ஷாப்பிங் மால் ஆகியவற்றை வைத்திருப்பவை 'ரீட்'. சாலை, மின்பாதை, சூரிய மின்நிலையம் வைத்திருப்பவை 'இன்விட்'. செலவு, கடன் தவணை எல்லாம் போக மிஞ்சும் பணத்தில் குறைந்தது 90 சதவிகிதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது விதி. பெரும்பாலான டிரஸ்ட்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தருகின்றன.

தமிழ்நாட்டுச் சொத்துகளும் இவற்றில் உண்டு. சென்னை வடபழனி விஜயா மால், 2023-ல் பட்டியலிடப்பட்ட நெக்ஸஸ் ரீட்டின் சொத்து. அதே ஆண்டு 'இண்டிகிரிட்' இன்விட் வாங்கிய 16 சூரிய மின் திட்டங்களில், நம் மாவட்டத்து ராஜபாளையத்தின் பெயரைத் தாங்கிய ஒன்றும் அடக்கம்.

ஆசியாவில் இது பழைய பழக்கம். ஜப்பானில் 2001-லும், சிங்கப்பூரில் 2002-லும் ரீட்கள் சந்தைக்கு வந்துவிட்டன. சென்னை தரமணியில் இருக்கும் இன்டர்நேஷனல் டெக் பார்க்கின் வாடகை, 2007 முதல் சிங்கப்பூர் சந்தையில் உள்ள ஒரு டிரஸ்ட் வழியாக அங்குள்ள முதலீட்டாளர்களுக்குப் போகிறது. இந்தியாவின் முதல் ரீட்டான எம்பஸி வந்தது 2019-ல்தான்.

முன்பு இவற்றில் நுழைய லட்சக்கணக்கில் பணம் வேண்டும். 2021-ல் செபி விதியைத் தளர்த்திய பிறகு, டீமேட் கணக்கு இருந்தால் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம்.

சேலம் ரோடு சொல்லும் பாடம்

இந்தியாவில் முதலில் பட்டியலிடப்பட்ட இன்விட், ஐ.ஆர்.பி. 2017 மே மாதம் ஒரு யூனிட் 102 ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஓமலூர் - சேலம் - நாமக்கல் நான்கு வழிச்சாலையின் சுங்கக் கட்டணமும் அதன் வருமானத்தில் ஒன்று.

ஆண்டுதோறும் யூனிட்டுக்குச் சுமார் 8 முதல் 12 ரூபாய் வரை பணம் வந்தது. ஆனால் யூனிட்டின் விலை? கொரோனா வந்த 2020-ல் பாதிக்கும் கீழே போனது. அதன்பின் மீண்டாலும், வெளியீட்டு விலையை எட்டாமல் ஆண்டுக்கணக்கில் கீழேயே கிடந்தது.

காரணம் எளிது. சாலை அந்த டிரஸ்ட்டுக்குச் சொந்தமில்லை. குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டணம் வசூலிக்கும் உரிமை மட்டுமே சொந்தம். ஓமலூர் - நாமக்கல் சாலைக்கு அந்த உரிமை 2006-ல் தொடங்கி 20 ஆண்டுகள். காலம் முடிந்தால் சாலை அரசிடம் போய்விடும். குத்தகைக்கு எடுத்த புளியந்தோப்பு போலத்தான். ஆண்டுகள் குறையக் குறைய மதிப்பும் குறையும்.

விதை மல்லியை அரைத்தால்...

கைக்கு வரும் பணம் முழுவதும் டிவிடெண்ட் அல்ல. வட்டி, டிவிடெண்ட், 'மூலதனத் திருப்பம்' என்று டிரஸ்ட்களே பிரித்து அறிவிக்கின்றன. மூலதனத் திருப்பம் என்றால், நீங்கள் போட்ட பணமே உங்களிடம் திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

உதாரணத்துக்கு, 100 ரூபாய் யூனிட்டுக்கு ஆண்டுக்கு 12 ரூபாய் வருகிறது, அதில் 4 ரூபாய் மூலதனத் திருப்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உண்மையான வருமானம் 8 ரூபாய்தான். அந்த 4 ரூபாயையும் சேர்த்துச் செலவழித்தால், விதைக்கு எடுத்து வைத்த மல்லியைக் குழம்புக்கு அரைத்த கதைதான். அதைத் தனியே எடுத்து மறுபடி முதலீடு செய்தால் முதல் கரையாது.

வரியும் இதைப் பொறுத்தே மாறும். வட்டிப் பகுதி உங்கள் வருமானத்துடன் சேர்ந்து வரிக்கு உட்படும். மூலதனத் திருப்பத்துக்கு உடனே வரி இல்லை; ஆனால் நீங்கள் வாங்கிய விலையில் அது கழிக்கப்படும். விற்கும்போது லாபக் கணக்கில் வந்து நிற்கும்.

சதவிகிதம் ஏன் பெரிதாகத் தெரிகிறது?

2021-ல் 100 ரூபாய்க்கு வந்த பவர்கிரிட் இன்விட், யூனிட்டுக்கு ஆண்டுக்கு 12 ரூபாய் தந்தது. பிறகு யூனிட் விலை 100 ரூபாய்க்குக் கீழேயும் இறங்கியது. 12 ரூபாயை 90 ரூபாய் விலையால் வகுத்தால் 13 சதவிகிதம் என்று காட்டும். வருமானம் ஒரு பைசா கூடவில்லை, விலைதான் சரிந்திருக்கிறது. சதவிகிதம் உயர்ந்தால் சந்தோஷப்படும் முன், விலை ஏன் இறங்கியது என்று கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் 2019 மே மாதம் பட்டியலான 'ஈகிள் ஹாஸ்பிட்டாலிட்டி டிரஸ்ட்', அமெரிக்க ஹோட்டல்களைக் காட்டி 8 சதவிகிதத்துக்கு மேல் எதிர்பார்ப்பைக் கொடுத்தது. ஓராண்டு முடிவதற்குள், 2020 மார்ச்சில் அதன் வர்த்தகமே நிறுத்தப்பட்டது. விற்று வெளியேறக்கூட முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

பணம் போடும் முன் நான்கு கேள்விகள்

1. கடந்த நான்கு காலாண்டுகளில் வந்த பணத்தில் மூலதனத் திருப்பம் எவ்வளவு?

2. சொத்து நிரந்தரமா, உரிமைக் காலம் உண்டா? உண்டென்றால் இன்னும் எத்தனை ஆண்டுகள்?

3. கடன் எவ்வளவு? சொத்து மதிப்பில் 49 சதவிகிதம் பொதுவான எல்லை. கூடுதல் நிபந்தனைகளுடன் இன்விட்கள் 70 சதவிகிதம் வரை போகலாம். கடன் கூடினால், வட்டி விகிதம் ஏறும்போது உங்கள் பங்கு குறையும்.

4. வெளியீட்டு விலைக்கும் இன்றைய விலைக்கும் எவ்வளவு வித்தியாசம்?

இந்த விவரங்கள் டிரஸ்ட்களின் காலாண்டு அறிக்கையிலேயே கிடைக்கும். வீடியோவில் பேசுபவர் சொல்லாவிட்டாலும், செல்போனிலேயே தேடி எடுத்துப் படிக்கலாம்.

மகளின் கல்யாணத்துக்கு வைத்த பணம், மருத்துவத்துக்கு வைத்த பணம் ஆகியவற்றுக்குத் தபால் நிலையமும் வங்கியுமே சரியான இடம். அதற்கு மேல் இருப்பதில் ஒரு பகுதியை மட்டும், அதையும் இரண்டு மூன்று டிரஸ்ட்களாகப் பிரித்துப் போடலாம். கரிசல் காட்டு விவசாயிக்கு இது புதிதல்ல. ஒரே நிலத்தில் பருத்தி, மல்லி, மிளகாய் என்று பிரித்து விதைப்பவர்கள்தானே அவர்கள்!