செங்கல் வளைவும் புரட்சியும்: ஹவானாவின் தேசியக் கலைப்பள்ளிகள்

வடிவத்தில் அக்கறை காட்டினாலே பூர்ஷ்வாத்தனம் என்கிற பேச்சு நமக்கொன்றும் புதிதில்லை. கியூபாவில் அந்தப் பேச்சு கட்டடங்களையே பாதியில் நிறுத்தியது.

1961 ஜனவரியில் காஸ்ட்ரோவும் சே குவேராவும் ஹவானா புறநகரில், பணக்காரர்களின் கன்ட்ரி கிளப் மைதானத்தில் கோல்ஃப் ஆடிப்பார்த்தார்கள். அங்கேயே கலைப்பள்ளி கட்டலாம் என்ற யோசனை பிறந்தது. பொறுப்பேற்ற ரிகார்டோ போர்ரோ, வெனிசுவேலாவில் பழகிய இரண்டு இத்தாலியர்களை, விட்டோரியோ கராட்டியையும் ராபர்ட்டோ கொட்டார்டியையும், சேர்த்துக்கொண்டார். நவீன நடனம், ஓவியம்-சிற்பம், பாலே, இசை, நாடகம் என்று ஐந்து பள்ளிகள்.

இரும்பும் சிமெண்டும் தட்டுப்பாடு. கைவசம் இருந்தது செங்கல்லும் சுட்ட ஓடும், கதலான் வளைவு தெரிந்த கொத்தனார்களும்தான். மெல்லிய ஓடுகளைப் படுக்கைவாட்டில் ஒட்டி, அதன்மேல் அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். பாரத்தை வளைவே வாங்கிக்கொள்ளும். கம்பி அநேகமாக வேண்டாம், சாரமும் கொஞ்சம் போதும். ஆக, இந்த வளைவுகள் ஆடம்பரத்திலிருந்து வரவில்லை, இல்லாமையிலிருந்து வந்தவை. போர்ரோ அதில் பெண்ணுடலையும் ஆப்பிரிக்கக் கியூப மரபையும் ஏற்றினார். சில பேருக்கு அதுவும் உறுத்தியது.

கட்டுமான அமைச்சகமோ சோவியத் பாணி முன்வார்ப்புப் பலகைகளின் பக்கம் சாய்ந்துவிட்டது. தனிமனிதவாதம், மேட்டுக்குடித்தனம் என்று குற்றச்சாட்டுகள் கிளம்பின. வீடில்லாதவனுக்கு வீடு கட்டவேண்டிய நேரத்தில் பாலேவுக்குக் குவிமாடமா என்றால் அது நியாயமான கேள்விதான், மறுக்கமாட்டேன். ஆனா கேள்வி அந்தக் கணக்கோடு நிற்கவில்லை. எவ்வளவு செலவு என்பது போய், ஏன் வளைந்திருக்கிறது என்பதே குற்றமாயிற்று. வளைந்து நெளியும் இசைப்பள்ளிக்குப் 'புழு' என்று பட்டப்பெயர். நாட்டைவிட்டு ஓடியவர்களைத் திட்டவும் அங்கே அதே சொல்தான்!

1965 ஜூலையில் பள்ளிகள் திறக்கப்பட்டதாக அறிவித்துவிட்டு வேலையை நிறுத்தினார்கள். போர்ரோவின் இரண்டும் முடிந்திருந்தன. மற்ற மூன்றும் அரைகுறை. 1966இல் போர்ரோ பாரிஸ் போனார். 1974இல் கராட்டி உளவுக் குற்றச்சாட்டில் கைதாகி வெளியேற்றப்பட்டார். அவருடைய பாலே பள்ளியில் காடு மண்டியது.

1999இல் ஜான் லூமிஸ் எழுதிய நூல் வந்தபிறகே வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 2010இல் அரசே இவற்றைத் தேசியச் சின்னமாக்கிற்று. அப்போதும் கொட்டார்டி ஹவானாவில்தான் இருந்தார். நாடகப்பள்ளியை முடிக்கப் புதிதாக வரைபடங்கள் போட்டு வைத்திருந்தார். 2017இல் அவர் இறந்தபோதும் அது முடிந்திருக்கவில்லை.