உங்களுக்குத் தெரியுமா? பையுள்ள அம்மா, பையில்லாத அம்மா

● திருவனந்தபுரம் வட்டாரத்தின் அடியில் கிடக்கும் கொண்டலைட் பாறைக்கு உறவான பாறைகள் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் பனி மூடிய கிழக்கு அண்டார்டிகாவிலும் உண்டு. எல்லாம் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலம். ஆஸ்திரேலியாவும் அதில் ஒட்டியிருந்ததுதான். ஆனாலும் இந்தியக் காடுகளில் கங்காரு போல வயிற்றில் பையுள்ள விலங்கு ஒன்றுகூட இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து அண்டார்டிகா வழியாக அவை ஆஸ்திரேலியா போய்ச் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே நம் நிலம் பிரிந்து வடக்கே நகர்ந்துவிட்டது.

● அந்தப் பை விலங்குகளில் ஒன்று, முகத்தில் கருங்கோடு போட்ட டன்னார்ட். எடை 20 கிராம் அளவு. பார்த்தால் எலி; ஆனால் எலிக் குடும்பமே இல்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளிலும் மரங்கள் விலகி நிற்கும் திறந்த காடுகளிலும் இரவில் பூச்சி பிடிக்கும். நல்ல காலத்தில் வாலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். இரை குறைந்தால் உடம்புச் சூட்டைக் குறைத்து மரத்துக் கிடக்கும். பிறகு வெயிலில் காய்ந்து சூடேற்றிக்கொள்ளும்.

● அதன் கர்ப்பகாலம் சுமார் 11 நாள்தான்! மிச்ச வளர்ச்சி பெரும்பாலும் அம்மாவின் பையில். பால்குடி மறக்க 70 நாள் ஆகும்.

● நம் நாட்டில் இரவில் பூச்சி தேடும் சிறு விலங்குகளில் ஒன்று தேவாங்கு. மலையாளத்தில் குட்டித்தேவாங்கு. கர்ப்பகாலம் ஐந்து மாதத்துக்கும் மேல். பை கிடையாது, வாலும் கிடையாது. முதல் சில வாரம் குட்டி அம்மாவின் வயிற்றைக் கட்டிக்கொண்டே திரியும். அப்புறம் அம்மா அதை ஒரு கிளையில் விட்டுவிட்டு இரைக்குப் போவாள். இருட்டில் தனியாகக் கிளையைப் பிடித்திருக்கும் அந்தக் குட்டியை நினைத்தாலே மனசு பதறுகிறது.

● தேவாங்குக்கென்றே இந்தியாவின் முதல் சரணாலயத்தைத் தமிழ்நாடு 2022 அக்டோபரில் அறிவித்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் கடவூர்க் காடு. வறண்ட முட்காட்டை வெறும் பொட்டல் என்று ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

● தேவாங்கு குரங்கைப் போலத் தாவாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டே கையை நீட்டி அடுத்த கிளையைப் பற்றும். நடுவில் ஒரு மரத்தை வெட்டினாலும் அது தரையில் இறங்கித்தான் போயாக வேண்டும். சாலையில் அடிபடுவது அப்படித்தான்.