பழைய பாணி கித்தார்: நிறத்தைப் பார்க்குமுன் கழுத்தைப் பிடியுங்கள்

ஃபெண்டர் நிறுவனம் 1957, 1962ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைப் பழைய அளவிலேயே மறுபடி செய்து விற்கத் தொடங்கியது 1982இல். ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து இத்தகைய கித்தார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில் மயங்கிவிடுகிறார்கள்.

கழுத்துதான் முக்கியம். பழைய பாணி விரற்பலகையின் ஆரம் 7.25 அங்குலம், இப்போதைய ஃபெண்டர்களில் பெரும்பாலும் 9.5. அந்தக் கூடுதல் வளைவு கார்டு பிடிக்கச் சுகம். ஆனால், கம்பிகள் தாழ்வாக இருந்தால், 12ஆம் ஃபிரெட்டுக்கு மேலே மெல்லிய கம்பியை இழுக்கும்போது ஒலி சட்டென்று செத்துவிடும். கடையிலேயே இழுத்துப் பாருங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!

கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகக் கழுத்தையே கழற்ற வேண்டியிருக்கும். அதை யார் செய்து தருவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, ரப்பர் பட்டால் கறைபடும்; ஸ்டாண்டில் பருத்தித் துணி சுற்றுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் சற்று இரையும், அது கோளாறல்ல.