ரோட்டிலே ஸர்ஃபிங்... மணிக்கட்டு ஜாக்கிரதை!

"அம்மா, எனக்கு ஒரு ஸ்கேட்போர்டு வேணும். சாதா போர்டு இல்லே... ஸர்ஃப்ஸ்கேட்!"

வீட்டில் வளர்ந்த பிள்ளை இப்படி வந்து நின்றால் பல அம்மாக்களுக்குத் தலை சுற்றும். "என்னடா இது புதுக் கூத்து? இருக்கிற சைக்கிளையே ஒழுங்கா ஓட்டக் காணோம்!" என்று விரட்டிவிடவும் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கேட்பது வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை. கடல் அலை மேல் பலகை வைத்துச் சறுக்கும் ஸர்ஃபிங்குக்குத் தரையிலேயே உடம்பைத் தயார் செய்கிற சாதனம் இது. நல்ல உடற்பயிற்சியும்கூட. ஆனால் முறை தெரியாமல் ஏறினால் முதல் வாரமே கையில் மாவுக்கட்டு!

வாங்கித் தரலாமா, கூடாதா? முடிவெடுக்கும் முன், இது என்ன, உடம்பை என்ன செய்கிறது, எங்கே ஆபத்து என்று பார்த்துவிடுவோம்.

அலை இல்லாத நாளில் பிறந்தது

ஸ்கேட்போர்டின் தாய்வீடே ஸர்ஃபிங்தான். 1950களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடற்கரையில், அலை எழும்பாத நாட்களில் சும்மா உட்காரப் பிடிக்காத இளைஞர்கள், பலகைக்கு அடியில் ரோலர் ஸ்கேட் சக்கரங்களைப் பூட்டி நடைபாதையில் ஓட்ட ஆரம்பித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'நடைபாதை ஸர்ஃபிங்' என்பதுதான்.

அந்தக் காலத்துச் சக்கரங்கள் இரும்பு அல்லது களிமண் கலவை. சின்னக் கல் தட்டினாலும் ஆள் குப்புற விழுவார். 1970களின் ஆரம்பத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் யூரித்தேன் சக்கரங்களைக் கொண்டு வந்தார். ரப்பர் மாதிரி தரையைக் கவ்விப் பிடிக்கும் சக்கரம். அதன் பிறகுதான் அலையில் வளைவது போலத் தரையிலும் பயமில்லாமல் வளைய முடிந்தது. ஹவாய் தீவின் லாரி பெர்ட்டில்மேன் அலை மேல் தாழக் குனிந்து, கையால் தண்ணீரைத் தொட்டுத் திரும்பும் அழகைப் பார்த்து, கலிஃபோர்னியாவின் 'ஸெஃபிர்' குழுப் பையன்கள் அதையே சிமெண்ட் தரையில் செய்து காட்டினார்கள். 1975-ல் டெல் மார் என்ற ஊரில் நடந்த போட்டியில் அவர்களைப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

பிறகு ஸ்கேட்போர்டு தன் வழியில் போய்விட்டது. படிக்கட்டில் தாவுவது, கம்பியில் சறுக்குவது என்று அது வேறு வித்தை ஆகிவிட்டது. 'நமக்கு அலை மாதிரி வளைகிற போர்டுதானே வேண்டும்?' என்று யோசித்த நீல் கார்வர், கிரெக் ஃபால்க் என்ற இரண்டு ஸர்ஃபர்கள், 1990களின் நடுவில் கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் புது மாதிரி அச்சு ஒன்றை உருவாக்கினார்கள். இன்றைய ஸர்ஃப்ஸ்கேட்டுகள் அந்த வழியில் வந்தவைதான்.

அப்படி என்ன வித்தியாசம்?

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரங்கள் எந்தப் பக்கமும் திரும்பும், பின் சக்கரங்கள் நேராகவே நிற்கும். ஸர்ஃப்ஸ்கேட்டும் ஏறக்குறைய அதே கதைதான். சாதா ஸ்கேட்போர்டில் முன்னும் பின்னும் ஒரே அளவு திரும்பும். இதிலோ முன் அச்சு இரு பக்கமும் தாராளமாக ஆடும். பின் அச்சு கொஞ்சம்தான் அசையும். அதனால் பின்காலை ஊன்றி, அதையே மையமாக வைத்துப் பலகையின் முன்பக்கத்தைச் சுழற்ற முடிகிறது. அலை மேல் ஸர்ஃப் பலகை திரும்புவதும் இப்படித்தான்.

இன்னொரு வேடிக்கை. கிளம்பிய பிறகு காலைத் தரையில் உதைக்காமலே இதை ஓட்டிக்கொண்டு போகலாம்! ஊஞ்சலில் நின்றபடி குனிந்து நிமிர்ந்து உந்தினால், யாரும் தள்ளாமலே ஊஞ்சல் உயரப் போகிறதல்லவா? அதே தத்துவம்தான். பாம்பு மாதிரி இடமும் வலமுமாக வளைந்துகொண்டே, சரியான நேரத்தில் முட்டியை மடக்கி நிமிர்ந்தால் வேகம் தானாக ஏறும். அலையிலும் ஸர்ஃபர்கள் இப்படி உந்தித்தான் வேகம் எடுக்கிறார்கள்.

கடலில் கிடைக்காத ஒன்று

'ஸர்ஃபிங் கத்துக்கணும்னா கடலுக்குப் போக வேண்டியதுதானே, ரோட்டில் என்ன வேலை?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஸர்ஃபர் ஒருவர் ஒரு மணி நேரம் கடலில் இருந்தால், அதில் பெரும் பகுதி பலகை மேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவுவதிலும், அலைக்காகக் காத்திருப்பதிலுமே போய்விடும். அலை மேல் நின்று சறுக்கும் நேரம் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஒரு அலை கிடைத்தாலும் சில விநாடிகள்தான். அதற்குள் ஒரு திருப்பம் போட்டால் உண்டு.

எந்த வித்தையும் கை வர வேண்டுமானால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வீணை கற்பவர் ஒரே வரிசையை நூறு தடவை வாசிப்பதில்லையா? அந்த நூறு தடவையைக் கடல் தராது, தரை தரும். இருபது நிமிஷத்தில் நூறு வளைவு போடலாம். ஸர்ஃப்ஸ்கேட்டின் முழு உபயோகமும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

உடம்புக்கு என்ன லாபம்?

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று ஆட்கள் ஓயாமல் வேலை செய்கிறார்கள். ஒன்று கண். இரண்டாவது உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு. மூன்றாவது, தசையிலும் மூட்டிலும் இருந்து 'கால் இப்போ எந்தக் கோணத்தில் இருக்கு' என்று மூளைக்குச் சேதி அனுப்பும் நரம்புகள். இந்தச் சேதிகளை ஒன்றுசேர்த்து உத்தரவு போடுவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆடும் பலகை மேல் நிற்கும்போது எல்லோருக்கும் ஓவர்டைம்! பழகப் பழக, யோசிக்காமலே உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

முட்டியை மடக்கியே நிற்பதால் தொடை, பிட்டத் தசைகள் உறுதியாகின்றன. பாதத்தின் சின்னத் தசைகளும் கெண்டைக்காலும் வேலை செய்கின்றன. திரும்பும் வரிசையும் முக்கியம். முதலில் கண், பிறகு தோள், பிறகு இடுப்பு, கடைசியில்தான் பலகை. இந்த வரிசை படிந்துவிட்டால் கடலில் பாதிக் கஷ்டம் குறையும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கையை வெறுமனே வீசி, இடுப்பை மட்டும் ஆட்டியும் இந்தப் போர்டை ஓட்டிவிடலாம். பார்க்க ஜோராக இருக்கும். அலையில் அது செல்லாது. தப்பாகப் பழகினால் தப்பும் நூறு தடவை பதியும். வாரம் ஒரு தடவை செல்போனில் வீடியோ எடுத்து, தெரிந்தவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது நல்லது.

இது கற்றுத் தராதவை

ஸர்ஃப்ஸ்கேட் நீச்சல் கற்றுத் தராது. பலகையில் படுத்துத் துழாவும் தோள் வலுவைத் தராது. படுத்த நிலையிலிருந்து துள்ளி எழுந்து நிற்கும் வித்தையைத் தராது. எந்த அலை வரும், எது உடையும், நீரோட்டம் எங்கே உள்ளே இழுக்கும் என்கிற கடல் அறிவை நிச்சயம் தராது.

கோவளம், மாமல்லபுரம் பக்கம் இன்று ஸர்ஃபிங் பள்ளிகள் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் ஆசிய ஸர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்தில்தான் நடந்தது. பார்த்த பிள்ளைகளுக்கு ஆசை வரத்தான் செய்யும். 'தரையில் நல்லா ஓட்டறேனே' என்ற தைரியத்தில் தனியாகக் கடலில் இறங்குவதுதான் பயங்கரம். நம் கடற்கரையின் இழுப்பு நமக்குத் தெரியாததா? முதலில் நீச்சல், பிறகு பயிற்சியாளருடன் கடல் என்ற வரிசையை எந்தப் பலகைக்காகவும் மாற்றாதீர்கள்.

மணிக்கட்டு ஏன் உடைகிறது?

கடலில் விழுந்தால் அடியில் தண்ணீர். இங்கே சிமெண்ட்! விழப்போகிறோம் என்றதும் கை தானாக முன்னால் நீண்டு தரையில் ஊன்றும். இது பிறவிக் குணம். உடம்பின் முழுப் பாரமும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டில் இறங்கும். கட்டைவிரல் பக்கத்து முன்கை எலும்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிவது இப்படித்தான்.

இன்னொரு எலும்பு பொல்லாதது. கட்டைவிரலின் அடியில், படகு வடிவத்தில் 'ஸ்கேஃபாய்டு' என்று ஒரு சின்ன எலும்பு. இதற்கு ரத்த ஓட்டம் குறைவு. உடைந்ததைக் கவனிக்காமல் விட்டால் சேராமலே போகலாம். முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவதும் உண்டு. 'எக்ஸ்ரே நார்மல்' என்று சொன்ன பிறகும் கட்டைவிரலின் அடிக்குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அலட்சியம் வேண்டாம், மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.

வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனையில் 'வளர்ச்சித் தட்டு' என்ற மென்மையான பகுதி உண்டு. சுளுக்கு என்று நாம் நினைப்பது அங்கே ஏற்பட்ட முறிவாகவும் இருக்கலாம். அதனால் எண்ணெய் தடவி நீவி விடும் வேலை கூடவே கூடாது!

வாங்கும்போதே சேர்த்து வாங்குங்கள்

போர்டுக்குப் பணம் இருக்கிறது, கவசத்துக்கு இல்லை என்றால் போர்டே வேண்டாம். இதில் சமரசம் கிடையாது.

* ஹெல்மெட்: ஸ்கேட்டிங்குக்கான ஹெல்மெட் பின்மண்டையையும் மூடும், அதுவே நல்லது. தாடையில் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும்.

* மணிக்கட்டுக் கவசம்: உள்ளங்கையில் கெட்டியான பிளாஸ்டிக் தகடு வைத்தது. விழும்போது கை ஊன்றாமல் வழுக்கிப் போக உதவும்.

* முழங்கால், முழங்கை உறைகள்.

* தட்டையான அடி உள்ள ஷூ. ஹவாய் செருப்பும் வெறுங்காலும் கூடாது.

முதல் சில நாட்கள்

இடம் சமதளமாக, காய்ந்து, சுத்தமாக இருக்கட்டும். காலி பாட்மிண்டன் கோர்ட் உத்தமம். போக்குவரத்து உள்ள தெருவும், சரிவான பாதையும் வேண்டவே வேண்டாம். முன் அச்சு தாராளமாக ஆடுவதால், வேகம் கூடும்போது இந்தப் போர்டு உதற ஆரம்பித்துவிடும்.

முதலில் எந்தக் கால் முன்னே என்று தெரிய வேண்டும். வழுவழுப்பான தரையில் சாக்ஸுடன் ஓடி வந்து சறுக்கச் சொல்லுங்கள். தானாக முன்னே போகும் காலைப் போர்டிலும் முன்னே வைத்துப் பார்க்கலாம். அடுத்து, புல்தரையில் போர்டை வைத்து ஏறி இறங்கிப் பழகட்டும். மூன்றாவதாக, சிமெண்டில் மெதுவாக உருட்டி, பாதுகாப்பாக இறங்கப் பழகட்டும். இறங்கத் தெரிந்த பிறகுதான் வளைவு. உந்துவது கடைசியில்!

விழுவதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தடுமாறினால் உடனே குந்திவிட வேண்டும். உயரம் குறைந்தால் அடியும் குறையும். கையை விறைப்பாக நீட்டாமல், தோள்பட்டைப் பக்கமாகச் சுருண்டு உருள வேண்டும். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம் போதும். களைத்த காலில்தான் விபத்து.

ஐந்து வயசுக்குள் ஸ்கேட்போர்டே கூடாது, ஆறிலிருந்து பத்து வயசு வரை பெரியவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. பெரியவர்களும் தாராளமாகக் கற்கலாம். ஆனால் எலும்புத் தேய்மானம், தலைசுற்றல், சர்க்கரை நோயால் பாதத்தில் மரமரப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். முட்டியில் பழைய அடி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

விழுந்துவிட்டால்...

சிராய்ப்பு என்றால் சோப்பும் சுத்தமான தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். டி.டி. ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள்.

மணிக்கட்டு வீங்கினாலோ, கோணினாலோ அட்டை அல்லது ஸ்கேல் வைத்து அசையாமல் துணியால் கட்டுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்து, எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போங்கள்.

தலையில் அடிபட்டு, வாந்தி, தூக்கக் கலக்கம், உளறல், கடுமையான தலைவலி, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போல ஒழுகல் இதில் எது இருந்தாலும் யோசிக்கவே வேண்டாம், 108. ஒரு நொடி நினைவு தப்பி எழுந்தவரையும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, வாங்கித் தரலாமா? கவசத்தை முதல் நாளிலிருந்து கழற்ற மாட்டேன், தெருவில் ஓட்ட மாட்டேன், நீச்சல் வகுப்புக்கும் போவேன் என்று பிள்ளை மூன்று வாக்குக் கொடுத்தால், தாராளமாக வாங்கித் தரலாம். டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒரு அரை மணி குறைந்தாலே உடம்புக்கு லாபம்தான். அந்த மூன்று வாக்கில் ஒன்று தவறினாலும், அன்றைக்கே போர்டைத் தூக்கிப் பரணில் போடத் தயங்காதீர்கள்!