கைப்பம்பும் நின்றுபோன ரயிலும்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் மான்சல் டேல் பள்ளத்தாக்கு வழியாக மான்செஸ்டர் நோக்கி ஓடிய ரயில்பாதை 1968-இல் மூடப்பட்டது. தண்டவாளம் கிடந்த தடத்தில் இன்று ஆட்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். மேட்டின்மேல் உள்ள மான்சல் ஹெட் விடுதியின் குதிரை லாயமோ மதுக்கூடமாயிற்று. 1963-இல் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் அளித்த அறிக்கை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களை மூடச் சொன்னது. நிலையம் போன பிறகும் பக்கத்து பப் தாக்குப்பிடித்த ஊர்கள் உண்டு. பழமைமேல் உள்ள பற்று என்று இதை முடித்துவிடலாகாது. காரணத்தில் பாதி, பப்பின் நிலவறையில் இருக்கிறது.

அங்கே பீப்பாயில் இருப்பது வடிகட்டாத, உயிருள்ள பீர். மதுவாலையை விட்டு வந்த பிறகும் அதில் ஈஸ்ட் வேலை செய்கிறது. பீப்பாயை அசையாமல் கிடத்தி, மேல்துளையில் மென்மரக் குச்சி செருகி அதிக வாயுவை வெளியேற விடுவார்கள். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசை ஈஸ்டை அடியில் படியவைக்கும். பீர் தெளிந்ததும், மேலே கடைக்காரர் நெம்புகோலை இழுக்க, உருளைக்குள் பிஸ்டன் நகர்ந்து பீரை உறிஞ்சி ஏற்றுகிறது. ஓர் இழுப்புக்குச் சுமார் அரை பைன்ட். இத்தகைய பம்புக்கு 1797-இல் காப்புரிமை பெற்றவர், பூட்டுக்குப் பேர்போன ஜோசஃப் பிராமா. எடுத்த பீரின் இடத்தை உள்ளே புகும் காற்று நிரப்புகிறது. சிக்கல் அங்கேதான்: திறந்த பீப்பாய் மூன்று நாளுக்குமேல் சுவை தாங்காது.

கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் வரும் கெக் பீர் வாரக்கணக்கில் கெடாதே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கெக் பீரை வடிகட்டிச் சூடாக்கும்போது கெடுதலோடு சுவையும் கொஞ்சம் போகிறது. உயிருள்ள பீருக்காக 1971-இல் தொடங்கிய கேம்ரா இயக்கத்தின் வழக்கே அதுதான். வெதுவெதுப்பான பீர் என்ற கேலியும் பொருந்தாது, நிலவறையின் வெப்பம் 11 முதல் 13 டிகிரி. ரயில்தானே பீரைக் கொண்டுவந்தது என்பதும் உண்மை. 1868-இல் திறந்த லண்டன் செயின்ட் பான்கிராஸ் நிலையத்தின் அடித்தளத் தூண்களையே பர்ட்டன் ஊர்ப் பீப்பாய்களின் அளவுக்கேற்பத்தான் நிறுத்தினார்கள். பின்னாளில் அந்தச் சுமையை லாரி ஏற்றுக்கொண்டது. ஆனால் குடிக்கும் ஆளை லாரி கொண்டுவராது. வழக்கமான சிறிய பீப்பாயிலும் 72 பைன்ட் பீர் இருக்கிறது. அதை மூன்று நாளில் தீர்க்க, பக்கத்திலேயே வாழ்பவர்களோ தவறாமல் வந்துபோகிறவர்களோ வேண்டும். அவர்கள் இல்லாத பப், அழகுக்காகக் கைப்பம்பை வைத்திருப்பதைவிடக் கழற்றிவிடுவது நேர்மை.