முதல் 24 மணி நேரம்: வீட்டில் ஒருவரை போலீஸ் அழைத்துச் சென்றால் என்ன செய்வது?

இரவு பதினொன்றரை மணி. போன் அடிக்கிறது. பக்கத்துத் தெரு அக்கா அழுதுகொண்டே பேசுகிறார். "எங்க வீட்டுக்காரரை போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எந்த ஸ்டேஷன்னே தெரியல."

நீங்கள் என்ன சொல்வீர்கள்? "காலையில பாத்துக்கலாம்" என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். ஆனால் கைதுக்குப் பிறகான முதல் 24 மணி நேரத்துக்குத்தான் சட்டம் அதிகப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெற ஒரு போனும் கொஞ்சம் நிதானமும் போதும்.

நம் மாவட்டம் மறக்காத ஒரு நாள்

2015 ஏப்ரல் 7. ஆந்திராவின் சேஷாசலம் வனப்பகுதியில், செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களும் உண்டு. மரம் வெட்டியவர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது அதிரடிப்படை. முந்தைய நாளே பஸ்ஸிலிருந்து இறக்கி அழைத்துப் போனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. நீதிமன்றம் வரை கோரிக்கை போனதால், 6 பேரின் உடல்களுக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் மறு பிரேதப் பரிசோதனை நடந்தது.

யார், எப்போது, எங்கே பிடிபட்டார்கள்? அங்கே இந்த அடிப்படைக் கேள்வியே பெரிய வாதமாகிவிட்டது. ஒரு கைதுக்கு நேரம் குறித்த ஒரு தாளும் வீட்டுக்கு ஒரு தகவலும் ஏன் வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு கடிதத்தில் தொடங்கியது

1986 ஆகஸ்டில், மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றை நடத்திவந்த டி.கே. பாசு, லாக்கப் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைத் தொகுத்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. 1996 டிசம்பர் 18-ல் வந்த தீர்ப்பு, கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 விதிகளை வகுத்தது. அவற்றில் முக்கியமானவை பிறகு சட்டத்திலேயே இடம்பெற்றன. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் (பி.என்.எஸ்.எஸ்.) அவை தொடர்கின்றன.

நீங்கள் கேட்கக்கூடியவை

• *கைது குறிப்பாணை (பிரிவு 36):* கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். குறிப்பாணையில் குடும்பத்தில் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும்.

• *காரணம் (பிரிவு 47):* என்ன குற்றத்துக்காகக் கைது என்பதை உடனே சொல்ல வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

• *வீட்டுக்குத் தகவல் (பிரிவு 48):* கைதானவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை அவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பது போலீஸின் கடமை.

• *வக்கீல் (பிரிவு 38):* விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்கலாம். விசாரணை முழுக்கக் கூடவே இருக்க முடியாது.

• *மருத்துவப் பரிசோதனை (பிரிவு 53):* கைதானதும் அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். காயம் இருந்தால் எழுத வேண்டும். அறிக்கையின் நகல் கைதானவருக்கு உண்டு.

• *24 மணி நேரம் (பிரிவு 58):* பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியலமைப்பின் 22-வது பிரிவும் இதையே சொல்கிறது. ஞாயிறானாலும் தீபத் திருநாளானாலும் இந்தக் கணக்கு மாறாது.

பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழ்நிலையில் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றுத்தான் செய்ய முடியும்.

"சும்மா விசாரணைக்குத்தான்" என்று அழைத்தால்? சாட்சியாக அழைப்பதற்கும் எழுத்து மூலமான உத்தரவு உண்டு, அதைக் கேளுங்கள். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் (பிரிவு 179).

வக்கீலுக்குக் காசு இல்லையா?

15100. இந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். இது தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் கட்டணமில்லா உதவி எண். காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். திருவண்ணாமலை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும், ஆரணி, செய்யாறு, போளூர் போன்ற ஊர்களில் நீதிமன்றங்களோடு இயங்கும் வட்ட சட்டப்பணிகள் குழுக்களிலும் நேரில் கேட்கலாம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கும் இதே உரிமைதான்.

உரிமை மீறப்பட்டால்

சென்னை கிரீன்வேஸ் சாலையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே புகார் எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

இன்னொன்று. எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் உத்தரவிட்டது. அதனால் புகாரில் தேதியையும் நேரத்தையும் சரியாக எழுதி, "அந்த நேரத்துப் பதிவைப் பாதுகாக்க வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள்.

உங்கள் போனில் குறிக்க வேண்டியவை

1. அழைத்துச் சென்ற நேரம், இடம்
2. வந்தவர்களின் பெயர், வாகன எண்
3. எந்த ஸ்டேஷன், யாரிடம் பேசினீர்கள், எத்தனை மணிக்கு
4. கிடைத்த ஒவ்வொரு தாளின் போட்டோ

எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டதா என்பதைத் தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைப் பக்கத்தில் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். மட்டும் அங்கே இருக்காது.

ஸ்டேஷனில் சத்தம் போட வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். "சார், கைது குறிப்பாணை நகல் வேணும்" என்று நிதானமாகக் கேளுங்கள். முறைப்படி வேலை செய்யும் காவலருக்கும் அந்தத் தாள்தான் பாதுகாப்பு.

அடுத்த முறை அப்படி ஒரு போன் வந்தால், அந்த அக்காவிடம் முதலில் இதைக் கேளுங்கள்: "எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க?" பதிலைக் குறித்துக்கொண்டு 15100-க்கு அழையுங்கள்.